சர்க்கரையோடு நோன்பு பிடிக்கப் போகிறீர்களா? ரமலானுக்கு முன்பே பேசிவிடுவோம்

சாயங்காலம் ஐந்தரை மணி, நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. குளச்சல் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் கை நடுங்குகிறது, சட்டை நனைய வியர்க்கிறது, மீதிக் காசை எண்ண முடியாமல் தடுமாறுகிறார். 'கொஞ்ச நேரம்தானே' என்று தாக்குப்பிடித்தவரைக் கடைப் பையன்தான் பக்கத்து மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனான். அளந்து பார்த்தால் ரத்தச் சர்க்கரை 52 (mg/dL), ரொம்பக் குறைவு. வழக்கமாகக் காலைச் சாப்பாட்டுக்கு முன் போடும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை, காலைச் சாப்பாடு சஹருக்கு, அதாவது விடியலுக்கு முன் சாப்பிடும் நேரத்துக்குப் போய்விட்டது என்பதால் சஹரிலேயே போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு 13 மணி நேரம் வயிற்றில் ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்றேன். "நோன்பு பிடிக்காதீங்கன்னுதான் சொல்லுவாங்க, அதான் சொல்லல" என்றார்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவும் மருந்தும் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. இந்தப் பதிலை நான் தக்கலையிலும் கேட்டிருக்கிறேன், இடலாக்குடியிலும் கேட்டிருக்கிறேன். 2001-இல் 13 நாடுகளில் ரமலான் நோன்பையும் நீரிழிவையும் பற்றி நடத்திய எபிடியார் (EPIDIAR) ஆய்வில், டைப் 2 நீரிழிவு (பெரியவர்களுக்குப் பரவலாக வரும் வகை) உள்ளவர்களில் 79 சதவீதம் பேர் ரமலானில் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது அந்த மாதத்தில் 7.5 மடங்கு கூடியிருந்தது. பிடிக்காதே என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டால் ஜனங்கள் நோன்பை விடுவதில்லை, நம்மிடம் சொல்வதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதனால்தான் ரமலானுக்கு ஆறேழு வாரம் இருக்கும்போதே, இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு ஜூமில் வகுப்பு வைக்கிறோம். நேரில் வைத்தபோது பெரும்பாலும் ஆண்கள்தான் வந்தார்கள். போனில் என்றதும் உம்மாவும் மருமகளும் அடுக்களையில் இருந்தபடியே சேர்கிறார்கள், வளைகுடாவில் இருக்கிற மகன் அங்கிருந்து வருகிறான். சஹருக்கு என்ன சமைப்பது, வாப்பாவின் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார் என்பதெல்லாம் இவர்கள் கையில் இருப்பதால், பாடம் போய்ச் சேரவேண்டிய இடமும் அதுதான்.

போன வகுப்பில் தேங்காய்ப்பட்டணத்து உம்மா ஒருவர் கேட்டார்: "மக்களே, விரல்ல குத்துனா ரத்தம் வருமே, நோன்பு முறியாதா?" மார்க்கம் சொல்ல நான் ஆளில்லை, அதற்காகவே ஒரு ஆலிமையும் (மார்க்க அறிஞர்) வகுப்பில் வைத்திருக்கிறோம். முறியாது என்று அவர் சொன்ன பிறகுதான் பலருக்கு நிம்மதி. அப்படியென்றால் தயவுசெய்து அளந்து பாருங்கள், நடுப்பகலிலும் நோன்பு திறப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பும் கட்டாயம். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ, நோன்பு திறக்கும் பாங்குக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் நோன்பை முறித்துவிட வேண்டும். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனின் பகரா அத்தியாயமே (184, 185) இடம் தருகிறது. அதையும் ஆலிம்தான் விளக்கினார். டைப் 1 நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிடும் வகை) உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், அண்மையில் மயங்கி விழுந்தவர்கள், நீரிழிவோடு கர்ப்பமாக இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகம். அவர்களிடம் 'வேண்டாம்' என்றே சொல்கிறேன், ஆனால் காரணத்தை உட்கார்ந்து விளக்கித்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டில் நான் பயப்படுவது நோன்பு திறந்த முதல் அரைமணி நேரத்தை. பேரீச்சம்பழம் ஒன்றோ இரண்டோ போதும். நோன்புக் கஞ்சியை விடச் சொல்லமாட்டேன், யாரும் விடவும் மாட்டார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு முட்டையோ மீனோ சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியோடு சமோசா, பழம்பொரி, மேலே சர்பத்தும் என்றால் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு நிற்கும்போது சர்க்கரை எங்கேயோ ஏறிப்போயிருக்கும். சஹரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளி வையுங்கள், சஹரே வைக்காமல் நோன்பு மட்டும் பிடிக்காதீர்கள்.

மருந்தளவைப் பற்றி மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவருடைய கணக்கு வேறு, இன்சுலின் போடுபவருடைய கணக்கு வேறு. அந்தத் துணிக்கடைக்காரருக்கு மருத்துவர் மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார், அதன் பிறகு அவருக்குச் சர்க்கரை அப்படி இறங்கவில்லை.

சரி, அடுத்த வகுப்புக்கு வரும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எனக்குப் பிடிபடாது, கேமராவில் காட்டுங்கள், சேர்ந்து படித்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று எழுதிக்கொள்வோம்.