டவரை வளர்த்தது பீங்கான்

டவர் லைன் எத்தனை கேவி (கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட்) என்று தெரிந்துகொள்ள போர்டைத் தேட வேண்டியதில்லை. டவரின் கையிலிருந்து தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணினால் போதும். கம்பியைத் தாங்கிக்கொண்டே மின்சாரம் டவருக்குள் இறங்காமல் தடுக்கும் இன்சுலேட்டர்கள் அவை. ஏழெட்டு இருந்தால் 110 கேவி, பதினைந்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் 230 கேவி. (புது லைன்களில் வரும் ரப்பர் மாதிரி ஒற்றைத் தண்டு இன்சுலேட்டரிடம் இந்தக் கணக்கு பலிக்காது.) ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எனக்கு இதுதான் வேலை. எண்ணி எண்ணித்தான் ஒன்று உறைத்தது: நம் கண்ணில் படுவது இரும்பு, ஆனால் அந்த இரும்புக்கு உருவம் கொடுத்தது இந்தத் தட்டு.

முதலில் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, ஏன் ஏற்ற வேண்டும்? அதே திறனை அனுப்ப வோல்ட்டைப் பத்து மடங்கு கூட்டினால் கம்பியில் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகிறது. கம்பி சூடாகி வீணாவதோ நூறில் ஒரு பங்குதான். 1882இல் ஜெர்மனியின் மீஸ்பாக்கிலிருந்து மியூனிக்குக்கு 57 கி.மீ. தந்திக்கம்பி வழியே சுமார் 2,000 வோல்ட்டில் மின்சாரம் அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே நடந்த கண்காட்சியில் ஒரு செயற்கை அருவிக்குப் பம்ப் ஓடியது உண்மை. ஆனால் அனுப்பியதில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோனது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1891இல், லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கி.மீ. மூன்று கம்பிகளில் போகும் மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம், 15,000 வோல்ட். அனுப்பியதில் நான்கில் மூன்று பங்கு போய்ச் சேர்ந்தது. இவ்வளவுக்கும் டவர் என்று ஒன்றுகூட இல்லை. தந்தி லைன் போலவே 3,000க்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள், 4 மி.மீ. செம்புக்கம்பி. புதுமை இருந்தது கம்பத்தின் உச்சியில். மழையில் நனைந்த பீங்கான் மேல் படியும் ஈரப்படலம் வழியாக மின்சாரம் மெல்ல ஊர்ந்து கம்பத்துக்கு இறங்கிவிடும். அதனால் மணி வடிவப் பீங்கானின் விளிம்பை உள்பக்கமாக மடித்து, ஒரு வாய்க்கால் போலாக்கி, அதில் எண்ணெய் ஊற்றினார்கள். ஈரப்படலம் அங்கே அறுந்துவிடும். அகல்விளக்கில் ஊற்றுவதுபோல ஒவ்வொரு இன்சுலேட்டருக்கும் எண்ணெய் ஊற்றிய ஆட்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

நம் பக்கத்திலும் இந்த அலை சீக்கிரமே வந்தது. 1902 ஜூனில் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு, சுமார் 148 கி.மீ. தூரம், மின்சாரம் போனது. அன்று உலகின் மிக நீளமான லைன்களில் அது ஒன்று. சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

இரும்பு எங்கே வந்தது? முதலில், வேறு வழியே இல்லாத இடத்தில். 1901இல் கலிஃபோர்னியாவில், கார்கினெஸ் நீரிணைக்கு மேலே கம்பியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கீழே பாய்மரக் கப்பல்கள் போக வேண்டும். இரு கரையிலும் இரும்புக் கோபுரம் எழுப்பி, 4,427 அடியை ஒரே தாவலில் கடந்தார்கள். கம்பி கூட அங்கே எஃகுதான். அவ்வளவு நீளத்தில் அதிகம் தொய்யாமல் இழுத்துக் கட்டச் செம்புக்கு வலு போதாது.

ஆனால் முழு லைனுக்கும் இரும்பு வந்தது மெக்சிகோவில். குவானாஹ்வாட்டோ சுரங்கங்களுக்கு சுமார் 160 கி.மீ. தூரத்திலிருந்து 60,000 வோல்ட்டில் மின்சாரம் வேண்டும். 1903 வாக்கில் அந்த லைனைப் போட்டவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கப் பண்ணைகளில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகள் நின்ற இரும்புக் கோபுரத்தை எடுத்து, உச்சிச் சக்கரத்துக்குப் பதில் இன்சுலேட்டரை வைத்துவிட்டார்கள். கட்டுக்கட்டாக ஆங்கிள் இரும்பு வரும், போல்ட் போட்டு முடுக்கி நிமிர்த்தினால் ஆயிற்று. நம் வயல்களில் நான்கு கால் பரப்பி நிற்கும் டவரின் தாத்தா ஒரு காற்றாலைதான்.

மரம் மலிவாகக் கிடைத்த காலத்தில் இரும்புக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? காரணம் பீங்கான். ஒரு லைனில் பழுது வந்தால் அது பெரும்பாலும் இன்சுலேட்டரில்தான் வந்தது. அப்படியானால் இன்சுலேட்டர் எண்ணிக்கை குறைந்தால் நல்லது. அதற்குக் கம்பங்கள் குறைய வேண்டும். அதற்கு இடைவெளி கூட வேண்டும். இங்கேதான் கணக்கு கடிக்கிறது. அதே இழுவிசையில் இடைவெளியை இரட்டித்தால் கம்பியின் தொய்வு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 2 மீட்டர் தொங்கிய கம்பி 8 மீட்டர் தொங்கும். ஆள் தலையில் உரசாமல் இருக்கத் தாங்கி உயர வேண்டும். மரக்கம்பத்தின் உயரம் அதற்குக் காணாது.

60,000 வோல்ட்டைத் தாண்டியதும் பீங்கானே மறுபடி குறுக்கே நின்றது. அன்றைய இன்சுலேட்டர் ஓர் ஆணி மேல் கவிழ்த்த குடை. வோல்ட் கூடக் கூடக் குடை அகலமாகி, உயரமாகி, அடுக்கடுக்காகி, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதானது. உயரம் கூடும்போது உச்சியில் கிடக்கும் கம்பி காற்றில் இழுக்கிற இழுப்பு ஆணியை நெம்புகோல் போல வளைத்தது.

1907இல் எட்வர்ட் ஹியூலெட், ஹெரால்ட் பக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் விஷயத்தைத் தலைகீழாக்கினார்கள். கம்பியை மேலே உட்கார வைக்காமல் கீழே தொங்க விட்டால்? ஹியூலெட்டின் தட்டு அழகான தந்திரம். தட்டின் நடுப்பகுதிக்குள் ஒன்றையொன்று குறுக்காகத் தழுவும் இரண்டு துளைகள். ஒன்றில் மேல் வளையம், மற்றதில் கீழ் வளையம். சங்கிலிக் கண்ணி போலக் கோத்திருப்பதால் எடை பீங்கானை இழுக்காது, நசுக்கும். நசுக்கினால் பீங்கான் தாங்கும், இழுத்தால்தான் உடையும். அப்படியே உடைந்தாலும் வளையங்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும், கம்பி விழாது. இன்னும் அதிக வோல்ட் வேண்டுமா? இன்னொரு தட்டைக் கோத்துக்கொள். அடுத்த சில ஆண்டுகளிலேயே 1,10,000 வோல்ட் லைன்கள் வந்துவிட்டன. ஐரோப்பாவில் முதலாவது 1912இல், ஜெர்மனியின் லாஹ்ஹாமர் - ரீசா.

தட்டுச் சரம் தொங்கியதும் டவரின் உருவம் தானாக முடிவானது. சரம் காற்றில் ஊசலாடும். ஆடினாலும் கம்பி இரும்பின் அருகே வரக்கூடாது. ஆகவே கைகள் நீண்டன. கம்பி சரத்தின் நீளத்துக்குக் கீழிறங்கியதால் டவர் அந்த அளவுக்கு உயர்ந்தது. மூன்று ஃபேஸுக்குப் பக்கத்துக்கு மூன்று கை, உச்சியில் இடியை வாங்கிக்கொள்ள ஓர் எர்த் கம்பி. பிரிட்டனில் 1928 முதல் 1933 வரை 26,000க்கும் மேல் டவர்களை நட்டபோது ரெஜினால்ட் பிளோம்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் அழகு பார்க்கச் சொன்னார்கள். அவர் மாற்றுவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த முறை லைன் திரும்பும் மூலையைப் பாருங்கள். அந்த டவர் மட்டும் தடித்திருக்கும், கால்கள் அதிகம் பரந்திருக்கும். அங்கே சரம் தொங்காது. கம்பியோடு சேர்ந்து படுத்திருக்கும், இழுப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு. அந்தப் பக்கக் கம்பியும் இந்தப் பக்கக் கம்பியும் தனித்தனியாக முடிந்திருக்க, இரண்டையும் இணைத்துக் கைக்குக் கீழே ஒரு துண்டுக் கம்பி மட்டும் தளர்வாக, ஊஞ்சல் கயிறு போல வளைந்து போகும்.