பிரவுன்ஃபீல்டு – ஆலைத் தரிசு

வணிகச் செய்திகளில் ‘பிரவுன்ஃபீல்டு’ அடிக்கடி தட்டுப்படுகிறது. சிலர் அதைப் ‘பழுப்பு நிலம்’ என்று எழுதுகிறார்கள். ஏதோ காய்ந்த வயலைச் சொல்கிறார்கள் போலும் என்று படிப்பவர் நினைத்தால் அது அவர் குற்றமல்ல. உண்மையில் இங்கே நிறத்துக்குத் தனிப்பொருள் கிடையாது. அதுவரை எதுவும் கட்டப்படாத, புல்லும் பயிருமாய்க் கிடக்கும் இடம் ‘கிரீன்ஃபீல்டு’. அதற்கு எதிர்ச்சொல் தேவைப்பட்டபோது பச்சையை எடுத்துவிட்டுப் பழுப்பைப் போட்டார்கள், அவ்வளவுதான். 1970களில் எஃகுத் தொழில் பற்றிய பேச்சில் அது புழங்கியது: புது இடத்தில் ஆலை எழுப்புவது கிரீன்ஃபீல்டு, பழைய வளாகத்துக்குள்ளேயே விரிவாக்குவது பிரவுன்ஃபீல்டு.

பச்சையை அப்படியே மொழிபெயர்த்ததன் விளைவை நாம் பரந்தூரில் பார்த்தோம். வயலும் ஏரியும் உள்ள இடத்தில் அடியிலிருந்து புதிதாகக் கட்டத் திட்டமிட்ட விமான நிலையத்துக்குப் ‘பசுமைவெளி விமான நிலையம்’ என்று பெயர். மரம் நடப்போகிறார்கள் என்றுதான் காதில் விழுகிறது!

நகரமைப்பில் பிரவுன்ஃபீல்டுக்குப் பொருள் வேறு: முன்பு ஆலை போன்றவை இருந்து, இப்போது பயனின்றிக் கிடக்கும் இடம். அது அமெரிக்காவில் உருவான கதை. கைவிடப்பட்ட நச்சுக்கழிவு இடங்களைத் துப்புரவாக்க அங்கே 1980இல் ஒரு சட்டம் வந்தது. மண்ணைக் கெடுத்தவர் மட்டுமல்ல, இப்போதைய உரிமையாளரும் செலவை ஏற்க வேண்டிவரலாம் என்றது சட்டம். பிறகு யார் பழைய ஆலை மனையை வாங்குவார்? வங்கிகள் கடன் தர மறுத்தன. புதுத் தொழில்கள் ஊருக்கு வெளியே விளைநிலம் தேடிப் போயின; நகரின் நடுவில் ஆலைகள் துருப்பிடித்துக் கிடந்தன. 1995இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இத்தகைய இடங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. 2002இல் வந்த சட்டம், கெடுதலில் பங்கில்லாமல் வாங்குபவருக்குப் பாதுகாப்பு தந்தது. அதன் வரையறையில் ஒரு நுட்பம் உண்டு: மாசு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இருக்கலாம் என்ற ஐயம் மறுபயன்பாட்டைச் சிக்கலாக்கினாலே போதும். பிரிட்டனில் அந்த ஐயம்கூட வேண்டாம். முன்பு கட்டடம் இருந்த மனை என்றால் பொதுவாக அந்தப் பெயர்தான்.

ஜெர்மானியர்கள் நிறத்தின் பக்கமே போகவில்லை. அவர்கள் சொல் ‘இண்டுஸ்ட்ரீபிராஹே’. பிராஹே என்பது உழவர் சொல். பயிரிடாமல் ஆறப்போட்ட நிலம். பிரெஞ்சிலும் ‘ஃபிரிஷ்’ என்ற உழவர் சொல்லே இதற்கு வழங்குகிறது.

அந்த உழவர் சொல் எவ்வளவு பொருத்தம் என்று பார்க்க ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் உள்ள டூயிஸ்பர்க் நகருக்குப் போக வேண்டும். மைடரிச் இரும்பு ஆலை 1985இல் மூடப்பட்டது. இடித்துத் தள்ளாமல் அதையே பூங்காவாக்கினார் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ். பரப்பு சுமார் 180 ஹெக்டேர். 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். எரிவாயு சேமித்த உருளைத் தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. தாது கொட்டிவைத்த அறைகளின் கான்கிரீட் சுவர்களில் மலையேற்றக்காரர்கள் ஏறிப் பழகுகிறார்கள். வளாகத்தின் ஊடே திறந்த சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் ஆற்றின் கழிவைக் குழாயில் புதைத்து, மேலே மழைநீர் வாய்க்கால் வெட்டினார்கள். கசடு மேடுகளில் தானாக முளைத்த பூர்ச்ச (பிர்ச்) மரங்களைப் பிடுங்கவில்லை. இந்த முடிவுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஆறப்போட்ட நிலத்தில் முளைப்பதைக் களை என்று உடனே வெட்டிவிடாத பொறுமை அதில் இருக்கிறது.

தமிழில் ‘தரிசு’ கையருகே இருக்கிறது. தரிசு என்றால் ஒன்றுக்கும் ஆகாத கட்டாந்தரை என்று நகரத்துக்காரர் நினைப்பதுண்டு. கிராமத்தில் அப்படியல்ல. ‘இந்த வருஷம் தரிசாப் போட்டுட்டான்’ என்றால் சென்ற வருஷம் விளைந்தது, மறுபடி விளையும் என்று பொருள். ஊரின் பயிர்க்கணக்கான அடங்கலில் பயிருக்குப் பதிலாகத் தரிசு என்று குறிப்பதும் அதனால்தான். ஆகவே ஆலைத் தரிசு. இரும்புப் பாதை எடுத்த இடம் ரயில் தரிசு. கப்பல் வராத துறை துறைமுகத் தரிசு. கூடவே வினைச்சொல்லும் வந்துவிடுகிறது: தரிசைத் திருத்துவார்கள். ‘மறுசீரமைப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்று நீட்டி முழக்க வேண்டாம். ஆலைத் தரிசைத் திருத்திப் பூங்கா ஆக்கினார்கள்.

ஒரு குறை உண்டு. நஞ்சைப் பற்றி இந்தச் சொல் வாய் திறக்காது. மாசு உறுதியான இடத்தில் ‘நச்சுத் தரிசு’ எனலாம். 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை வளாகத்தை வேறெப்படிச் சொல்வது? முதலீட்டுச் செய்தியில் வரும் பிரவுன்ஃபீல்டுக்கு இவை எதுவும் ஒட்டாது. அங்கே ‘பழைய வளாக விரிவாக்கம்’ என்று எழுதிவிடலாம்.