ஆள்வைத்து எழுதுதல்: ஒரு சொல்லும் அதன் பின்புலமும்

மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிம் பட்டணத்து நகலகம் ஒன்றில் கோயில் திருவிழாக் கணக்கை நகலெடுக்கக் காத்திருந்தபோது, பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் இடுபணியை, அதாவது பாடத்துக்காக எழுதி ஒப்படைக்கும் வேலையை, அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டுக் கட்டித் தருமாறு கேட்டார். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் ஏழாம் பக்கத்தின் அடியைச் சுட்டிக்காட்டினார். முகப்பில் அந்த மாணவரின் பெயரும் மெட்ரிக் எண்ணும் இருக்க, அங்கே வேறொருவர் பெயர் இருந்தது. "ஆள் வச்சு எழுதுனதுண்ணே, பேர மாத்த மறந்துட்டான் போல" என்றார் மாணவர், சிறிதும் கூச்சமின்றி. அவர் இயல்பாகச் சொன்ன 'ஆள் வச்சு எழுதுனது' என்னும் தொடரே, நம் கலைச்சொல் பட்டியல்கள் தேடி அலையும் சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

காசு கொடுத்துப் பிறரை எழுதவைத்து, அதைத் தம் எழுத்தாக ஒப்படைக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் 'காண்ட்ராக்ட் சீட்டிங்' என்று பெயர். பர்மிங்காமில் கணினியியல் கற்பித்த ராபர்ட் கிளார்க், தாமஸ் லான்காஸ்டர் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் வழியே இச்சொல் பரவியது. நிரல் எழுதும் வேலைகளை ஏலத்துக்கு விடும் இணையத்தளம் ஒன்றில் மாணவர்கள் தங்கள் பாடவேலைகளையும் ஏலத்துக்கு விட்டிருந்ததை அவர்கள் கண்டறிந்தார்கள். செய்ய முன்வருவோர் தத்தம் தொகையைக் கேட்பார்கள், அவர்களுள் ஒருவருக்கு வேலை போகும். ஆகவே இதிலுள்ள 'காண்ட்ராக்ட்', வேலையை வெளியாளிடம் விடுகின்ற ஏற்பாட்டைக் குறிப்பது. இதை 'ஒப்பந்த ஏமாற்று' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடுகிறது. எங்கள் ஊரில் இச்சொல்லைக் கேட்பவருக்கு, வீடு புதுப்பிக்க முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன ஒப்பந்தக்காரர்தான் நினைவுக்கு வருவார்.

'கருத்துத் திருட்டு' என்று இதைச் சொல்வாரும் உண்டு, அதுவும் பொருந்தவில்லை. கருத்துத் திருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பிளேஜியரிசம்' என்பதன் மூலமான இலத்தீனின் 'பிளேகியாரியுஸ்' ஆட்கடத்துபவனைக் குறித்தது. தம் கவிதைகளைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொண்ட ஒருவனைச் சாட, கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டின் உரோமைக் கவிஞர் மார்ஷியல் அதைக் கையாண்டார். திருட்டு என்றால் பறிகொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இங்கே எழுதியவர் எதையும் பறிகொடுக்கவில்லை. கேட்ட தொகையை வாங்கிக்கொண்டு, முழு மனத்தோடு எழுதிக் கொடுக்கிறார். ஒப்புமை காட்டும் மென்பொருள்களில் இத்தகைய எழுத்து எளிதில் சிக்காததற்கும் இதுவே காரணம்: எங்கிருந்தும் எடுக்கப்படாமல் அந்த ஒரு மாணவருக்கென்றே புதிதாக எழுதப்பட்டது அது.

பிறர் பெயரில் வெளிவருவதற்காக எழுதிக் கொடுப்பவரைக் குறிக்கும் 'கோஸ்ட் ரைட்டர்' என்பதைப் 'பேய் எழுத்தாளர்' என்று ஆக்கும் மொழிபெயர்ப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 'பினாமி' சற்றே நெருங்கி வருகிறது. பாரசீகத்தில் 'பெயரில்லாமல்' என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்த இச்சொல், தமிழில் ஒருவர் தம் சொத்தைப் பிறர் பெயரில் வைப்பதைக் குறிக்கிறது. இடுபணியிலோ பிறருடைய உழைப்பு தம் பெயரில் வைக்கப்படுகிறது, திசை தலைகீழ்.

இனிக் 'கூலி எழுத்து'. தோட்டப்புறத்துப் பிள்ளையாகிய எனக்கு இச்சொல்லில் மனவருத்தம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கூலி என்பது தமிழில் உழைப்புக்கான ஊதியம். முயற்சியானது உடல் வருந்திய அளவுக்குப் பயன் தரும் என்பதைச் சொல்லத் திருக்குறள் 'மெய்வருத்தக் கூலி' என்றே ஆள்கிறது, அதுவும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில். இதே சொல்தான் ஆங்கிலத்தின் 'கூலி'க்கு மூலம் என்பது ஒரு கருத்து. குசராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயரே மூலம் என்பது மற்றொரு கருத்து. எதுவாயினும், நம்மிடம் சம்பளத்தைக் குறித்த சொல் ஆங்கிலத்திலும் மலாயிலும் சம்பளம் வாங்கும் ஆளைக் குறிப்பதாகி, பிறகு ஏச்சாகவும் ஆனது. (எங்கள் ஊர்ப் பெயரில் உள்ளது இந்தக் கூலியன்று, கூலிம் என்பது ஒரு காட்டு மரம்.) தமிழிலும் 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் வழக்கு இருக்கிறது. சாவு வீட்டில் துக்கமில்லாதவர் காசுக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுவதிலிருந்து, மனம் ஒட்டாமல் செய்யும் எந்த வேலைக்கும் அது பரவியது. இடுபணி எழுதிக் கொடுப்பவருக்கு இது அழகாகப் பொருந்தும். ஆனால் 'கூலி எழுத்து' என்று பெயரிட்டால் பார்வை முழுவதும் கூலி வாங்கியவர் மேல் விழுகிறது. துக்கம் இருந்திருக்க வேண்டியவர் அழாமல் நின்றது மறைந்துவிடுகிறது.

'ஆள்வைத்தல்' என்பதில் இந்தக் குறை இல்லை, ஏனெனில் அதன் எழுவாய் பணம் கொடுப்பவரே. வீட்டைச் சுற்றிய புல்லை ஆள்வைத்து வெட்டுகிறோம், கல்யாணச் சமையலுக்கு ஆள்வைக்கிறோம். இவற்றில் இழுக்கு ஒன்றுமில்லை, யாரும் மறைப்பதுமில்லை. தைப்பூசத்தன்று ஆள்வைத்துக் காவடி எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால்தான் கேட்பவர் சிரிப்பார். எந்த வேலையை ஆள்வைத்துச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று சொல் தானாகச் சொல்வதில்லை. அதனோடு சேரும் வினை சொல்கிறது.

செந்தமிழ் வடிவம் வேண்டுமென்றால் 'எழுதுவித்தல்' என்னும் பிறவினை இருக்கவே இருக்கிறது. ஆனால் நம் முன்னோர் வழக்கில் எழுதுவிப்பது ஒளிவுமறைவற்ற செயல். சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவில் 'இவை இன்னார் எழுத்து' என்று கையெழுத்திட்டவர் பெயர் வெட்டப்பட்டிருக்கும். எழுதத் தெரியாதவருக்காக மற்றொருவர் எழுதியிருந்தால் அதையும் சொல்லும் வழக்கம் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்! என் பாட்டி கைநாட்டு வைத்தவர். ஊருக்குப் போன அவருடைய கடிதங்களைத் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், எழுதினார். அவற்றின் கடைசி வரி, எழுதியவர் இன்னார் என்று தவறாமல் சொல்லும். எனவே 'எழுதுவித்தல்' என்று மட்டும் சொன்னால் குற்றம் எங்கே என்று தெரியாது. 'ஆள்வைத்து எழுதுதல்' என்பதில், எழுதினேன் என்ற உரிமையும் ஆள்வைத்தேன் என்ற உண்மையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. செயலுக்கு இதையும், எழுதிக் கொடுப்பவருக்குக் 'கூலியெழுத்தர்' என்பதையும் கொள்ளலாம் என்பது என் துணிபு.

இத்தொழில் நடத்தும் நிறுவனங்களை 'எஸ்ஸே மில்' என்பார்கள். 'கட்டுரை ஆலை' எனத் தயங்காமல் சொல்லலாம். கரும்பு பிழியும் பொறிக்குப் பெயராக இருந்த ஆலை, இன்று எங்கள் வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை விழுங்குகிறது. எந்தத் தோட்டத்து லாரி கொண்டுவந்து கொட்டினாலும் வெளியே வருவது ஒரே எண்ணெய்தான். ஆஸ்திரேலியா 2020இலும், இங்கிலாந்து 2022இலும் கொண்டுவந்த சட்டங்கள் இந்த ஆலைகளைத்தான் குற்றவாளிகளாக்கின. ஆள்வைத்த மாணவரை அவரவர் பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விதிகளுக்கு விட்டுவிட்டன.

இலக்கணம் படித்த மாணவர் ஒரு வாதம் வைக்கலாம். கரிகாலன் கல்லணை கட்டினான் என்கிறோம். அவன் ஏவுதற் கருத்தா, அதாவது செய்யச் சொன்னவன்; கல் சுமந்தவர்கள் இயற்றுதற் கருத்தா, அதாவது தாமே செய்தவர்கள். அதைப்போல நானும் இடுபணி எழுதினேன் என்று சொல்லக் கூடாதா? கூடாது, கரிகாலனுக்குக் கல் சுமந்ததற்காக யாரும் புள்ளி, அதாவது மதிப்பெண், போடவில்லை, இடுபணியிலோ புள்ளியே கல் சுமந்ததற்குத்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் இச்சொல்லுக்கு ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. அங்கே வைக்கப்படுவது ஆள் இல்லை. அந்தச் செயலி எழுதுகோலைப்போல ஒரு கருவியா, இயற்றுதற் கருத்தாவா? 'செயலியால் எழுதப்பட்டது' என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. கருவிக்கும் கருத்தாவுக்கும் தமிழில் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' ஒன்றே உருபு.