அம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள்

முதல் கர்ப்பப் பரிசோதனைக்கு வருபவரிடம் "ரத்தக் கொதிப்பு உண்டா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இல்லை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். உண்மையாகவும் இருக்கும். ஆனால் ப்ரீஎக்லாம்ப்சியா அதுவரை கொதிப்பே இல்லாதவர்களுக்கும் வரக்கூடியது. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதம் இறங்குவது அல்லது கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படுவதுதான் அந்த நோய். அதனால்தான் நாங்கள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறோம்.

முப்பதுகளின் பிற்பாதியில், ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) மூலம் கருத்தரித்த ஒருவர் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றார். உங்கள் அம்மாவுக்குப் பிரசவத்தில் ஏதும் சிக்கல் இருந்ததா என்றதும் யோசித்தார். அங்கேயே வாட்ஸ்அப்பில் ஊருக்குக் கூப்பிட்டார். "அதெல்லாம் எதுக்குடி இப்ப?" என்று தயங்கிய அம்மா, அப்புறம் மெல்லச் சொன்னார்: "உனக்கு முன்னால ஒண்ணு தங்கலைடி. ஏழாம் மாசம் மொகம், கையெல்லாம் வீங்கி, வலிப்பு வந்துருச்சு." மகளுக்கு அன்றுவரை அது தெரியாது. பிள்ளைத்தாச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று நம் வீடுகளில் மறைக்கும் இந்தச் செய்திதான் மருத்துவருக்கு மிகவும் தேவைப்படுகிறது.

முந்தைய கர்ப்பத்தில் இதே கோளாறு, ஏற்கெனவே உள்ள ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), வயிற்றில் இரட்டைக் குழந்தை. இவற்றில் ஒன்று இருந்தாலே ஆபத்து அதிகம். முதல் கர்ப்பம், கூடிய வயது, உடல் பருமன், கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் இடைவெளி, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருப்பது, ஐவிஎஃப் ஆகியவை தனித்தனியே அவ்வளவு பெரியவை அல்ல. இரண்டு மூன்று சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். படிப்பு, வேலை, வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கான காத்திருப்பு என்று முப்பதைத் தாண்டி முதல் குழந்தை பெறுவது சிங்கப்பூரில் சாதாரணம். அதனால் இந்தச் சேர்க்கையை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதையெல்லாம் முதல் மூன்று மாதத்திலேயே சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார். 12ஆம் வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாகக் கிடைக்கிறது. நஞ்சுக்கொடி வேரூன்றும் காலம் அது. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினமும் இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீஎக்லாம்ப்சியா 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அதற்காக நீங்களே கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

"உப்பைக் குறைத்தால் போதாதா?" என்று மாமியார்கள் கேட்பார்கள். உப்பைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் ப்ரீஎக்லாம்ப்சியாவை அது தடுக்காது. உப்பு தின்றதால்தான் வந்தது என்று அந்தப் பெண்மீது பழி போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் அழுத்தம் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, முகம் திடீரென்று வீங்குவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அழுத்தம் 160/110ஐத் தொட்டாலும் அப்படியே. வலிப்பு வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

பிரசவம் முடிந்ததும் ஆபத்து ஓய்ந்துவிடுவதில்லை. அடுத்த ஆறு வாரங்களிலும் இது வரலாம். பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் நடக்கிற அந்த நாட்களில் தலைவலி வந்தால், தூக்கம் கெட்டதால்தான் என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.