ஆய்வகத்தில் சைலோசைபின், மலையில் போதைக் காளான்

“போதைக் காளானை வச்சுப் பெரிய பெரிய பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி செய்றாங்களே டாக்டர், அப்புறம் அதைச் சாப்பிட்டா என்ன தப்பு?” மனநல மருத்துவராக நான் இப்போது அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், ஐடி வேலையில் இருக்கும் இளைஞர்கள். சிலர் கொடைக்கானல் போய்க் காளான் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். சிலர் போவதற்குத் திட்டம் போட்டிருப்பவர்கள். அதட்டி அனுப்பினால் அடுத்த முறை நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த ஆராய்ச்சியைப் பற்றியே பேசுகிறேன்.

போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற வேதிப்பொருளை வைத்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் 36 பேர். தங்கள் வாழ்க்கையின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் இதுவும் ஒன்று என்று அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த வரிதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுமையான பயம் வந்தது என்று அதே ஆய்வு சொல்வதை யாரும் பகிர்வதில்லை.

அந்த 36 பேரும் சலித்தெடுக்கப்பட்டவர்கள். ரத்த உறவில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ இருந்தால் சேர்க்கவே இல்லை. மருந்து கொடுப்பதற்கு முன் பல மணிநேரம் பேசிப் பழகினார்கள். கொடுத்த நாளில் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். மருந்து சுத்தமானது, எடை பார்த்து அளந்தது. இவ்வளவு பாதுகாப்புக்குள்தான் அந்தப் பயம் வந்தது.

ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ‘நான்’ என்ற உணர்வு மூளையில் எப்படி உருவாகிறது என்பது பெரிய கேள்வி. சைலோசைபின் அந்த உணர்வையே சில மணிநேரம் கரைத்துவிடுகிறது. கேட்டான்செரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் இந்த அனுபவம் வருவதில்லை என்று சூரிச் பல்கலைக்கழகத்தில் ஃபோலன்வைடர் குழுவினர் 1998-ல் காட்டினார்கள். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் ஒன்றைக் கேட்டான்செரின் அடைத்துவிடும். அந்த ஏற்பியின் வழியாகத்தான் இது நடக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது. அபாரமான வேலை அது.

சிகிச்சை விஷயத்தில் முடிவுகள் இன்னும் கலவைதான். லண்டன் இம்பீரியல் கல்லூரி 2021-ல் 59 மனச்சோர்வு நோயாளிகளிடம் சைலோசைபினை, மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையோடு ஒப்பிட்டது. மனச்சோர்வு எவ்வளவு குறைந்தது என்ற முதன்மை அளவீட்டில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தனக்குக் கிடைத்தது எந்த மருந்து என்று நோயாளி எளிதில் கண்டுபிடித்துவிடுவதும் இந்த ஆய்வுகளின் தீராத சிக்கல்.

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். அங்கே கைமாறும் காளான் எந்த இனம், எவ்வளவு வீரியம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. நச்சுக் காளான் கலந்திருந்தால் ஆறேழு மணிநேரம் ஒன்றுமே தெரியாமல் இருந்து, பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, கல்லீரல் செயலிழப்பு என்று போகலாம். குடும்பத்தில் மனநோய் இருப்பவர்களுக்குச் சந்தேகமும் காதில் குரல்களும் தொடங்கி, நாள்கணக்கில் நீடிக்கலாம். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தபோது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. சைலோசைபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது என்பதையும் பலர் அறிவதில்லை.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு உடம்புக்கு முடியாமல் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எதைச் சாப்பிட்டீர்கள், எப்போது என்பதை மறைக்காதீர்கள். மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். தூக்கமின்மை, பதற்றம், பயம் தொடர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.