புரை திரும்ப வளராது

இந்த மாதம் இவர் நான்காவது ஆள். ஐம்பத்திரண்டு வயது, தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. உட்கார்ந்ததுமே, "இடது கண்ணில் புரை திரும்ப வளர்ந்துவிட்டது டாக்டர், மறுபடி எடுத்துவிடுங்கள்" என்றார். விசாரித்தால், பத்து நாளாக இருட்டில் மின்னல் வெட்டியிருக்கிறது. கொசுக்கூட்டம்போல் கறுப்பாய்ப் பறந்திருக்கிறது. பிறகு மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு நிழல் ஏறியிருக்கிறது. மகளின் வளைகாப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டார். நடுவில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து வேறு.

உள்ளே பார்த்தேன். கண்ணின் பின்சுவரில் ஒட்டி, படத்தை வாங்கும் மெல்லிய படலமான விழித்திரை பாதிக்கு மேல் கழன்றிருந்தது. எழுத்துப் படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் உதவும் நடுப்பகுதியான மாக்குலாவும் அதோடு போயிருந்தது.

புரை என்பது கண்ணின் சொந்த லென்ஸ் மங்குவது. அதைத்தான் எடுத்தாகிவிட்டதே, எது வளரும்? வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை சிலருக்கு மங்கும், உண்மைதான். ஆனால் அது மாதக்கணக்கில், பார்வை முழுவதும் ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கும். சில நிமிட லேசரில் சரியாகும். ஒரு பக்கத்திலிருந்து நிழல் ஏறினால், திரை இறங்கினால், அது உறையும் இல்லை, புரையும் இல்லை, விழித்திரை கழல்வது. வலிக்காது, சிவக்காது. வலித்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பார்கள்!

இன்னொன்று, "மைனஸ் பவர் போய்விட்டது, இனி என் கண் சாதாரணக் கண்" என்ற நம்பிக்கை. லென்ஸ் வைத்ததால் கண்ணாடி போயிருக்கலாம். ஆனால் அந்த மைனஸுக்குக் காரணமான நீண்ட கண் நீண்ட கண்தான். அதன் ஓரத்தில் மெலிந்திருந்த விழித்திரை மெலிந்தேதான் இருக்கிறது. தடித்த மைனஸ் கண்ணாடி போட்டிருந்தவர்கள், அறுபதுக்கு முன்பே புரை எடுத்தவர்கள், அறுவையின்போது பின்னுறை கிழிந்தவர்கள், ஏற்கெனவே ஒரு கண்ணில் விழித்திரை விலகியவர்கள்: ஆபத்து உங்களுக்குத்தான் கூடுதல். அது சில மாதங்களிலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம்.

லென்ஸ் வைத்த கண்களில், விழித்திரை கழலக் காரணமான கிழிசல்கள் பெரும்பாலும் குண்டூசி முனையளவு, கண்ணின் கடைசி ஓரத்தில் இருக்கும். மங்கிய உறைக்குப் பின்னால் அவற்றைத் தேடுவது எங்களுக்கும் பெரும்பாடு. அதனால் இக்கண்களில் பலவற்றுக்கு விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் அறுவை, செய்து, வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புகிறோம். பத்தில் எட்டு, ஒன்பது கண்களில் முதல் அறுவையிலேயே விழித்திரை ஒட்டிக்கொள்கிறது. இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து எழுத்துப் பலகையில் நான்காவது வரி வரை படித்தார். "ஒட்டிவிட்டது என்றீர்களே, அளவு நாடாவில் கோடுகள் ஏன் நெளிகின்றன?" என்று கேட்டார். ஒட்டுவது என் கையில் இருந்தது. பார்வை எவ்வளவு திரும்பும் என்பது, மாக்குலா கழன்று எத்தனை நாள் கிடந்தது என்பதில் இருந்தது. அது கழல்வதற்கு முன்பே வந்திருந்தால், பழைய பார்வையோடு வீட்டுக்குப் போயிருக்கக்கூடும்.

ஆகவே, தயவுசெய்து வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். புதிதாக மின்னலோ பூச்சியோ தெரிந்தால் அன்றே, கண் பாப்பாவை விரித்து ஓரம் வரை பார்க்கும் இடத்துக்குப் போங்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வாயு நிரப்பியிருந்தால், அது கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை விமானத்தில் ஏறாதீர்கள். குப்புறப் படுக்கச் சொன்னால் குப்புறப் படுங்கள். கழுத்து வலிக்கிறது என்று மல்லாந்துவிட்டு எங்களிடம் மறைக்காதீர்கள்.

தையல்காரரின் வலது கண்ணிலும் ஓரத்தில் மெலிந்த இடத்தில் சிறு ஓட்டைகள் தெரிந்தன. லேசர் போட்டேன். நெளியும் கோடுகளை விட்டுவிட்டு, இப்போது அந்தக் கண்ணை வைத்துத்தான் துணி வெட்டுகிறார்.