விமான பிரேக்: டார்க் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள்

நான் விமானப் பராமரிப்பில் இருப்பதால், பொறியியல் மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக அடிக்கடி கேட்பது இது: லேண்டிங்கில் பிரேக் டார்க்கை, அதாவது சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுக்கும் முறுக்குவிசையை, எப்படிக் கணக்கிடுவது? விசையை ஆரத்தால் பெருக்கி விடையைக் கட்டம் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொள்வோம். எடை 64 டன், தரை தொடும் வேகம் 135 நாட், அதாவது நொடிக்குச் சுமார் 70 மீட்டர். தானாகப் பிரேக் பிடிக்கும் ஆட்டோபிரேக்கை மீடியத்தில் வைத்தால், ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்ற அளவில் குறையும். நிறையோடு பெருக்கினால் 192 கிலோநியூட்டன். மூக்குச் சக்கரத்தில் பிரேக் கிடையாது. நான்கு பிரதான சக்கரங்கள்தான். தலைக்கு 48. பாரம் ஏறிய டயரின் ஆரம் அரை மீட்டர் என்று வைத்தால், ஒரு சக்கரத்துக்கு 24,000 நியூட்டன் மீட்டர் டார்க். கார் சக்கர நட்டை நாம் முறுக்குவது நூறு சொச்சம்தான்.

இது மேல் வரம்பு. காற்றின் இழுவையும், இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும் ரிவர்ஸ் த்ரஸ்ட்டும் இதில் பங்கு கேட்கும். ஆட்டோபிரேக் பார்ப்பது மொத்த வேகக் குறைப்பை. ரிவர்ஸ் கூடினால் பிரேக் அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் காய்ந்த பாதையில் ரிவர்ஸ் போட்டதால் தூரம் பெரிதாகக் குறைவதில்லை. பிரேக் சூடுதான் குறைகிறது.

சரி, 24,000 வேண்டும் என்று பிரேக் நினைத்தால் போதுமா? தரை கொடுக்க வேண்டுமே. சக்கரத்தின் மேல் 15 டன் பாரம் இருந்து, தேங்கிய நீரில் உராய்வுக் குணகம் 0.1 ஆகிவிட்டால், கிடைப்பது 7,000 சொச்சம் மட்டும். அதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கிட் அமைப்பு பிரேக் அழுத்தத்தை விடுவித்துவிடும். இறக்கையின் மேல் தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லர் தகடுகள் எழும்பும்வரை அந்த 15 டன்னும் முழுதாகச் சக்கரத்துக்கு வராது. எடையில் பெரும்பகுதியை இறக்கைதான் இன்னும் சுமந்துகொண்டிருக்கும்.

அடுத்தது சூடு. அந்த வேகத்தில் விமானத்தின் இயக்க ஆற்றல் 157 மெகாஜூல். பாதி பிரேக்குக்குப் போனால் ஒன்றுக்குச் சுமார் 20. ஒரு பிரேக்கின் கார்பன் தட்டுகள் மொத்தம் 40 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரே லேண்டிங்கில் வெப்பம் 350 டிகிரி ஏறும். ஆற்றல் கணக்கில் வேகத்தின் வர்க்கம் வருவதால், 10 நாட் பின்காற்று மட்டுமே ஆற்றலை 15 சதவீதம் கூட்டிவிடும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையிலும் பின்காற்றிலும் இறங்கி விபத்துக்குள்ளான போயிங் 737, ஏறக்குறைய 2,700 மீட்டர் ஓடுபாதையில் பாதியளவு தாண்டித்தான் தரையைத் தொட்டது. தரை தொடாமல் மிதக்கும் ஒவ்வொரு நொடிக்கும் 70 மீட்டர் போய்விடுகிறது. எந்த டார்க்கும் அதை மீட்டுத் தராது.

பயணிகளுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. ‘பிரேக் சூடாக இருக்கிறது, கொஞ்சம் தாமதம்’ என்று அறிவித்தால் எரிச்சல் படாதீர்கள். ஏ320-இல் 300 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். அந்தச் சூட்டோடு சக்கரத்தை உள்ளே மடக்கினால், ஹைட்ராலிக் திரவம் கசியும்போது தீப்பிடிக்கலாம். நிறுத்திய உடனே காட்டும் வெப்பம் உச்சமும் அல்ல. தட்டிலிருந்து சென்சாருக்குச் சூடு பரவப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். 250 என்று பார்த்துவிட்டு டீ குடித்து வந்தால் 320 காட்டும்.

விமானங்கள் நிற்கும் ரேம்ப்பில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: சூடான சக்கரத்தின் பக்கவாட்டில் நிற்காதே, முன்னாலோ பின்னாலோ இருந்து போ. ரிம்மில் உருகும் அடைப்பான்கள் இருக்கின்றன. அதிகம் சூடானால் அவை உருகி, டயர் வெடிக்கும் முன் நைட்ரஜனை வெளியே விட்டுவிடும். ஆனாலும் அதை நம்பிப் பக்கத்தில் நிற்பவன் முட்டாள்.

தேய்மானத்தையும் கணக்கில் சேருங்கள். 1988-இல் டல்லஸில் ஒரு டிசி-10 டேக்-ஆஃபைக் கைவிட்டபோது, தேய்ந்த பிரேக்குகள் சூட்டைத் தாங்காமல் செயலிழந்தன. விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. சான்றிதழ் சோதனையைத் தேய்ந்த பிரேக்கோடு நடத்த வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்ததுதான். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, தட்டு எவ்வளவு மிச்சம் என்று காட்ட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தேய்மான ஊசியைப் பாருங்கள். விளிம்போடு சமமாகிவிட்டதா, பிரேக்கை மாற்றியாக வேண்டும்.